டேங்க் ஒழுகல்: இரண்டு அடைந்தது, மூன்றாவது முளைத்தது

என் புல்லட் பைக்கின் பெட்ரோல் டேங்கில் இரண்டு ஓட்டையை அடைத்துவிட்டு, ஞாயிறு ராத்திரி தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், சொட்டில்லை. வேலை முடிந்தது என்று மார்தட்டிக்கொண்டு அரை லிட்டர் பெட்ரோலை ஊற்றி, மொட்டை மாடியில் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் கீழே விரித்த செய்தித்தாளில் மஞ்சள் கறை, நடுவில் ஈரம். தண்ணீர் நுழையாத இடத்திலும் பெட்ரோல் நுழையும் என்பதைத் தெரிந்தே மறந்திருக்கிறேன்.

வண்டி 1986 புல்லட். காலடிப்பேட்டையில் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே, திருவொற்றியூர் தொழிற்சாலையில் பிறந்தது. மூடி வழியாக இறங்கிய மழைத் தண்ணீர் அடியில் தங்கி, பின்பக்கக் கீழ் மடிப்பை அரித்துவிட்டது. வெளியிலிருந்து கடல் உப்புக் காற்று வேறு.

ஓட்டையில் பித்தளையை உருக்கி ஊதி அடைத்தால் உறுதிதான். ஆனால் 900 டிகிரி பக்கம் சூடு. பக்கவாட்டில் தூரிகையால் கையால் இழுத்த தங்கக் கோடு கருகிப் போகும். அந்தக் கோட்டுக்காகத்தான் புது டேங்கும் வேண்டாம் என்றேன். உள்ளே எபாக்சி பூச்சு ஊற்றச் சொன்னார்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய வகைப் பூச்சு அதில் இளகி உரிந்தால் கார்புரேட்டர் ஜெட்டில் (பெட்ரோல் போகும் நுண் துளை) போய் உட்காரும். கடைசியில் ஈயம்தான் (வெள்ளீயம் கலந்த சால்டர் ஈயம்) என்று முடிவு செய்தேன். 200 டிகிரி சுற்றில் உருகிவிடும்.

ஈரமான இடமும் ஓட்டை இருக்கும் இடமும் ஒன்றில்லை. மடிப்போடு ஓடி வேறெங்கோ சொட்டும். குட்டி விமானங்களுக்கு ஊற்றும் 100எல்எல் பெட்ரோலில் நீலச் சாயம் இருக்கும், கசிந்த தடத்தை நீலக் கறையே காட்டிக் கொடுக்கும். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சாக்பீஸைக் கரைத்துப் பூசிக் காயவிட்டு, முதலில் எங்கே நனைகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு புள்ளி, ஊசிமுனை அளவு.

அப்புறம்தான் பாடுபட்டது. டேங்கை சோப்புத் தண்ணீரில் மூன்று முறை அலசி, ஆவி தங்காமல் இருக்க முழுக்கத் தண்ணீர் நிரப்பி, 25 வாட் சால்டரிங் இரும்பை வைத்தேன். ஈயம் பாதரசம் மாதிரி உருண்டு ஓடியது. 60 வாட்டிலும் அதே கதை. இரண்டு நாள் வீண்.

பழைய வண்ணாரப்பேட்டையில் தகரப் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். பார்த்ததும் சிரித்தார். "தம்பி, தண்ணி சூட்ட குடிச்சிடுது. ஒட்டுற எடம் மேல வர்ற மாதிரி சாச்சு வெச்சு, ரெண்டு விரக்கடை தண்ணிய கொறைச்சிக்கோ."

அவ்வளவுதான்! அவரிடமே அரைக் கிலோ செம்புத் தலை இரும்பை இரவல் வாங்கினேன். அடுப்பு மாடியின் ஒரு கோடியில், டேங்க் மறு கோடியில்; நெருப்பைப் பக்கத்தில் விடவில்லை. மியூரியாட்டிக் ஆசிட்டில் (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) பழைய பேட்டரி செல்லின் துத்தநாகத் தகட்டைக் கரைத்து, ஈயம் ஒட்டுவதற்காக மடிப்பில் தடவினேன். சூடான இரும்பை நவச்சாரக் கட்டியில் ஒரு தேய், வெள்ளைப் புகை, முனை பளபளவென்று ஆனது. மடிப்பில் வைத்தேன். ஈயம் தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டு போனது. அதைப் பார்க்கவே இன்னொரு ஓட்டை இருக்கக் கூடாதா என்று தோன்றியது.

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். மூன்றாவது ஓட்டை பெட்ரோல் டேப் (பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்) மரைக்குப் பக்கத்தில். முன்பு அங்கே ஒழுகியதே இல்லை. துரு போக உள்ளே பாஸ்பாரிக் ஆசிட் விட்டிருந்தேன், அதில் கரைந்து போன துருதான் இத்தனை நாள் அங்கே அடைப்பாக இருந்திருக்கிறது.

டேப்பையும் மாற்றிவிடலாம் என்று சனிக்கிழமை புதுப்பேட்டை போகிறேன்.  செம்பு இரும்பை இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளப் பெரியவரிடம் கேட்டிருக்கிறேன். "வாடகை குடு" என்கிறார்.