85ஆ, 65ஆ: கல்கரி மச்சானுக்குச் சொன்ன பதில்

கனடாவில் கல்கரியில் இருக்கிற மச்சான் போன வாரம் வாட்ஸ்அப்பில் எடுத்து, ஸ்பொட்டிங் ஸ்கோப் (தூரத்து மிருகம், பறவையை ட்ரைபொட்டில் வைத்துப் பார்க்கிற ஒற்றைக்குழல் தொலைநோக்கி) எந்த சைஸில் வாங்கலாம், 85 மில்லிமீற்றரா 65ஆ என்று கேட்டான். சின்ன வயதில் வெள்ளவத்தைக் கடற்கரையில் நண்டைக் கண்டாலே ஓடுகிறவன், இப்போது லைசன்ஸ் எடுத்து மலையடிவாரத்தில் நடந்தே மான் வேட்டைக்குப் போகிறான். எனக்கும் வேட்டைக்கும் சம்பந்தம் இல்லை, நான் பார்ப்பது பறவை. ஆனால் பாரம் தூக்கி நடக்கிறவனுக்குத் தோள் வலிப்பதில் மானும் பூநாரையும் ஒன்றுதான், அதனால் போனில் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் என் மடத்தனம். பெரிய கண்ணாடி இருந்தால் நன்றாகத் தெரியும் என்று யாரோ சொல்ல, பழைய 80 மில்லிமீற்றர் ஸ்கோப் ஒன்றை வாங்கினேன். நன்றாகத்தான் தெரிந்தது, பொய் இல்லை. ஆனால் ஸ்கோப் 1.7 கிலோ, அதை ஆடாமல் பிடிக்கிற ட்ரைபொட் இரண்டரைக் கிலோ, அதற்கு மேல் தண்ணீர், பைனொக்குலர். இரவு பஸ்ஸில் மன்னாருக்குப் போய் வங்காலைப் பக்கம் வெயிலில் இதையெல்லாம் சுமந்து நடந்தேன், வழியில் ஒரு ஐயா ட்ரைபொட்டைப் பார்த்துவிட்டு "காணி அளக்கவா வந்தனீங்கள் தம்பி?" என்று கவலையோடு கேட்டார். மூன்றாவது பயணத்துக்கு அப்புறம் அது கட்டிலுக்குக் கீழே போய்விட்டது. தலங்கம குளத்துக்கு ஆட்டோவில் போகும்போதுகூட எடுக்க மனம் வரவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஸ்கோப்பில் 20-60x65 என்று போட்டிருந்தால் 20 முதல் 60 மடங்குவரை உருப்பெருக்கம், கடைசி எண் முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீற்றரில். 65இலிருந்து 85க்குப் போனால் உள்ளே வருகிற வெளிச்சம் ஏறக்குறைய 1.7 மடங்காகும். விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேருகிற ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும்: 20 மடங்கில் 65க்கு 3.25 மில்லிமீற்றர், 85க்கு 4.25. பகலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீற்றர்தான் திறந்திருக்கும், அந்த நேரத்தில் மிச்ச வெளிச்சம் வீண். இருட்டும்போதுதான் அது விரியும், அப்போதுதான் பெரிய கண்ணாடி காசுக்கு வேலை செய்யும்.

இந்த இடத்தில் வேட்டைக்காரனும் நானும் பிரிகிறோம். கல்கரி இருக்கிற ஆல்பர்ட்டா மாகாணத்தில் சூரியன் உதிக்க அரை மணி முன்பிருந்து மறைந்து அரை மணி பின்வரை சுடலாம், மானும் அந்த மங்கல் நேரத்தில்தான் வெளியே வரும். மலைச் செம்மறி என்றால் கடாவின் கொம்பு சட்டம் சொல்கிற அளவுக்குச் சுற்றியிருக்கிறதா என்று உறுதி செய்யாமல் விசையில் கைவைக்கவே கூடாது. எனக்கு கருவால் மூக்கனை அதைப் போலவே இருக்கிற இன்னொரு கரைப்பறவையான பட்டைவால் மூக்கன் என்று எழுதிவிட்டால் வெட்கத்தோடு போய்விடும், அவனுக்கு வழக்கு. அதனால் இப்போது எனக்குப் போதுமாக இருக்கிற 50 மில்லிமீற்றர் ஸ்கோப்பை அவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன்.

அதற்காக 60 மடங்கு வேண்டும் என்று அடம்பிடிப்பதிலும் அர்த்தம் இல்லை. 65இல் 60 மடங்கு வைத்தால் ஒளிவட்டம் ஒரு மில்லிமீற்றர்தான், படம் மங்கி ஆடும். மன்னார்ச் சேற்றுவெளியில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு கானல் எழும்பினால் 30 மடங்கே அதிகம், பூநாரையெல்லாம் தண்ணீருக்குள் கரைகிற மாதிரி நெளியும். அதை எந்த விலைக் கண்ணாடியும் சரிசெய்யாது, காற்றின் குற்றம். குளிர்ந்த மலைக் காற்றில் அவனுக்குக் கொஞ்சம் கூடக் கிடைக்கும், அவ்வளவுதான்.

ட்ரைபொட்டை எல்லோரும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள், நானும் அப்படித்தான். பெரிய ஸ்கோப்பை மெலிந்த காலில் வைத்தால் காற்றுக்கு நடுங்கி, 85இன் நன்மையெல்லாம் போய்விடும். சாய்ந்த கண்வில்லை உள்ளதை வாங்கினால் ட்ரைபொட்டை அவ்வளவு உயர்த்தத் தேவையில்லை, உயரம் குறையக் குறைய ஆட்டமும் குறையும். நேரானது வாகனத்திலிருந்து பார்க்க வசதி, ஆனால் அவன் நடக்கிறவன்.

இரண்டாவது முறை வாங்குவதற்கு முன் நான் ஒரு காரியம் செய்தேன். பையில் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் நான்கைப் போட்டுக்கொண்டு மரைன் டிரைவில் பம்பலப்பிட்டிவரை போய்வந்தேன், அடுத்த நாள் இரண்டு போத்தலோடு. வீட்டில் பைத்தியம் என்றார்கள். அதற்குப் பிறகு வாங்கியதுதான் இப்போதுள்ள நிக்கொன் ஈடி50, கண்வில்லை இல்லாமல் 455 கிராம், பையில் கிடப்பதே தெரியாது. அந்தியில் கொஞ்சம் தோற்கும், பரவாயில்லை.

மச்சானுக்கு 65 என்றேன். கிலோ ஒன்றரைக்குள் நல்லது கிடைக்கும், இருட்டிலும் ஓரளவு தாங்கும். அவன் விடவில்லை: "நாங்கள் இரண்டு பேர் போறம் மச்சான், ஒருத்தன் ஸ்கோப், ஒருத்தன் ட்ரைபொட்." நியாயம்தான், பங்கு போட்டால் கணக்கு மாறுகிறது, அப்படியென்றால் 85 வாங்கு என்றேன். ஆனால் மற்றவன் வராத நாளில் எதை வீட்டில் வைத்துவிட்டுப் போவாய் என்றும் கேட்டேன். நீலக் கோடு விழுந்து மூன்று நாளாகிறது, பதில் இல்லை.