அனுமதி மறுக்கப்படும் இடத்தில் என்ன சொல்வது?

தோல் பொருள் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கொள்முதல் கணக்கைக் கவனிக்கும் இணையச் செயலியைக் காட்பாடியிலிருந்து பராமரித்து வருகிறோம். கிளைகளிலிருந்து வரும் அழைப்புகளில் பல, ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரியைப் பற்றியவை. அதைப் படிப்பவர் தம்மீது ஏதோ சந்தேகம் விழுந்துவிட்டதாகவே முதலில் நினைக்கிறார்.

ஆம்பூர்க் கிளையின் கணக்கர் ஒருவர் சரக்கு வரவுப் படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். திரும்பி வந்து ‘சேமி’ பொத்தானை அழுத்தியதும் திரையில் 403 என்ற பிழை எண்ணோடு அதே மறுப்பு வரி. “சார், என் பர்மிஷனை எடுத்துட்டீங்களா?” என்று கேட்டபோது அவர் குரல் இறங்கியிருந்தது. அவருடைய உரிமையை யாரும் தொடவில்லை. இடைவேளையில் செஷன், அதாவது லாகின் செய்தவரைச் செயலி நினைவில் வைத்திருக்கும் காலம், காலாவதியாகி, அதோடு போலிக் கோரிக்கைகளைத் தடுக்கும் சி.எஸ்.ஆர்.எஃப். டோக்கன் என்ற ரகசியக் குறியீடும் போய்விட்டது. செயலியின் பாதுகாப்பைக் கவனிக்கும் ஸ்பிரிங் செக்யூரிட்டி என்ற மென்பொருளில் அந்த டோக்கன் சோதனை, உரிமைச் சோதனைக்கு முன்பே நடந்துவிடுகிறது; ஆகவே, மீண்டும் லாகின் செய்யச் சொல்ல வேண்டிய இடத்தில், உரிமையே இல்லை என்பதுபோன்ற பதில் போகிறது. சர்வர் அனுப்பும் பதில் எண்களில் 401 என்பது ஆள் யாரென்று உறுதியாகாத நிலை. 403 என்பது கோரிக்கை புரிந்தும் மறுக்கும் நிலை. டோக்கன் இல்லாத மறுப்பைத் தனியே பிரித்து, ‘நேரம் முடிந்துவிட்டது, மீண்டும் உள்ளே வாருங்கள்’ என்று காட்டிய பிறகு அத்தகைய அழைப்புகள் குறைந்தன.

உரிமை உண்மையிலேயே இல்லாத இடத்தில் சிக்கல் வேறு. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. மாவட்டக் குறியீட்டை வைத்து உரிமை வழங்கியிருந்ததால், முகவரிப் பட்டியல் திருத்தப்பட்டதும், ஆம்பூர் ரசீதுகளைப் பல காலமாகச் சரிபார்த்து வந்த வேலூர் மேற்பார்வையாளருக்கு அவை திறக்கவில்லை. செயலி விதிப்படியே நடந்தது, விதிதான் பழையதாகிவிட்டிருந்தது. இத்தகைய நேரத்தில், தொலைபேசி ஓயட்டும் என்று அட்மின் உரிமையைத் தூக்கிக் கொடுப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இணையச் செயலிகளின் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021 ஆபத்துப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பதே அணுகல் கட்டுப்பாட்டுக் குறைபாடுதான். அவருக்குத் திருப்பத்தூர்க் குறியீட்டை மட்டும் சேர்த்துக் கொடுத்தோம்.

மறுப்புப் பக்கத்தில் இப்போது ஒரு குறிப்பு எண்ணும், உரிமை வழங்கும் பொறுப்பாளரின் பதவியும் இருக்கின்றன. எந்த விதி தடுத்தது என்ற விவரம் அந்த எண்ணோடு எங்கள் லாகில், அதாவது செயலியின் உள் பதிவேட்டில், மட்டுமே பதிவாகிறது. அதைத் திரையில் காட்டினால், உள்ளே நுழைய வழி தேடுபவருக்கும் அது பயன்படும்.