அட்மிட் பண்ணி (அதாவது குற்றத்தை ஒப்புக்கொண்டு) ஃபைன் கட்டிய வழக்கை மறுபடி திறந்த அனுபவம்

தம்பி மேல் இருந்தது ஒரு சின்ன அடிதடி வழக்கு. இந்திய தண்டனைச் சட்டம் 294(பி), 323. கோர்ட் வராந்தாவில் நின்ற காவலர், "அட்மிட் பண்ணி ஃபைன் கட்டிட்டுப் போயிடு தம்பி, இல்லன்னா வாய்தாவுக்கே அலைவ" என்றார். அவனும் கட்டிவிட்டு வந்தான். அப்புறம் ஒரு வேலைக்குத் தேர்வாகி, போலீஸ் வெரிஃபிகேஷன் நடந்தபோதுதான் அவன் தண்டனை பெற்றவன் என்று அறிக்கை போனது. வெறும் அபராதமாக இருந்தாலும் அதுவும் தண்டனைதான்.

முதலில் பார்த்த வக்கீல், அப்பீலே கிடையாது என்றார். அது பாதி உண்மை. குற்றத்தை ஒப்புக்கொண்டவர் மேல்முறையீட்டில் தண்டனையின் அளவைப் பற்றியும், அது சட்டப்படி சரியா என்பதைப் பற்றியும் மட்டுமே கேட்க முடியும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 375-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அது 416.

இரண்டாவதாகப் பார்த்த வக்கீல் அம்மா, "கேஸ் கட்டுல என்ன எழுதியிருக்குன்னு முதல்ல பார்ப்போம்" என்று நகல் மனு போட்டார். எல்லாம் மாறியது அங்கேதான். அச்சடித்த ஒரு தாளில் 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்ற வரி, கீழே தம்பியின் கையெழுத்து. அவன் சொன்ன ஒரு வார்த்தைகூட அதில் இல்லை. ஆனால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 252-வது பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவர் ஒப்புக்கொள்வதை முடிந்தவரை அவருடைய வார்த்தைகளிலேயே பதிவு செய்யச் சொன்னது. மகந்த் கௌசல்யா தாஸ் எதிர் மெட்ராஸ் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கட்டாயம் என்றே சொல்லியிருக்கிறது. தம்பி அன்று சொன்னது: "ஆமாங்கய்யா, தள்ளினேன். அவர்தான் முதல்ல கட்டையால அடிக்க வந்தார்." இது எப்படி ஒப்புதல் ஆகும்? தற்காப்புக்காகத் தள்ளினேன் என்றல்லவா சொல்லியிருக்கிறான்! இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அதனால் அப்பீல் போடாமல், செஷன்ஸ் கோர்ட்டில் அதே சட்டத்தின் 397-வது பிரிவின்படி சீராய்வு மனு, அதாவது கீழ்க் கோர்ட்டின் உத்தரவு சரிதானா என்று பார்க்கச் சொல்லும் மனு, போட்டோம். இதற்குக் காலக்கெடு 90 நாள். நகல் வாங்க ஆகும் நாட்களை அதில் கழித்துக்கொள்ளலாம். எங்களுக்குக் கெடு எப்போதோ முடிந்திருந்ததால், தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனுவும் காரணம் சொல்லும் பிரமாணப் பத்திரமும் வேண்டியிருந்தது. சிரமப்பட்டது இதில்தான். வேலை போனதும் ஓடி வந்திருக்கிறார்கள் என்று அரசு வக்கீல் எதிர்த்தார். சட்ட உதவி இல்லாமல் ஒப்புக்கொண்டவனுக்கு, வெரிஃபிகேஷன் வரைக்கும் அதன் விளைவே தெரியாது என்பதைத் தேதிவாரியாகக் காட்டிய பிறகுதான் மனு ஏற்கப்பட்டது.

அதன்பின் பெரிய வாதம் நடக்கவில்லை. அந்த அச்சுத் தாளைப் பார்த்ததும் நீதிபதி தண்டனையை ரத்து செய்து, வழக்கைப் புதிதாக விசாரிக்கத் திருப்பி அனுப்பினார். ரத்து என்றால் விடுதலை இல்லை. மாஜிஸ்திரேட் மறுபடி கேட்டபோது, தம்பி குற்றத்தை மறுத்தான். இப்போது சாட்சி விசாரணை நடக்கிறது, பக்கத்தில் வக்கீல் இருக்கிறார்.