ஜாக்கியை எங்கே வைப்பது: மூன்று ஞாயிறு, ஒரு கீச்சுச் சத்தம்

மாமனாரின் பழைய பிக்கப் இப்போது என் கையில். வீடு திருமங்கலம் தாண்டி, கரிசல் காட்டுப் பக்கம். வாரம் முழுக்க மதுரையில் கணக்கு வேலை, ஞாயிறு என்றால் வண்டிக்கு அடியில். கொஞ்ச நாளாகப் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்பக்கம் 'கீச்' என்று ஒரு சத்தம். பின் ஸ்பிரிங் பட்டையைச் சேசிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, கோர்க்கிற சாக்கிளில் ரப்பர் புஷ் தேய்ந்துபோயிருந்தது. புஷ் செட் வாங்கி வைத்தாயிற்று, நாமே மாற்றிவிடலாம் என்று இறங்கினேன்.

முதல் ஞாயிறு வீண்தான். வண்டிப் புத்தகத்தில் பின் சக்கரம் கழற்ற ஜாக்கி வைக்கும் இடம் படம் போட்டிருந்தது: இரண்டு பின் சக்கரத்தையும் சேர்க்கிற ஹவுசிங் குழாய்க்கு அடியில், பட்டைக்குப் பக்கத்தில். நடுவில் குண்டாக இருக்கும் கிரவுன் பெட்டிக்கு அடியில் அல்ல. பிரேக் பைப் அந்தக் குழாயை ஒட்டியே ஓடுவதால் அது நசுங்காத இடமாகப் பார்த்து 3 டன் பாட்டில் ஜாக்கியை வைத்தேன். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று இளக்கி வைத்துவிட்டேன். நாலைந்து தடவை பம்ப் அடித்ததும் வலது பின் சக்கரம் எழும்பியது. பரவாயில்லையே என்று நினைத்த அதே நேரம் வண்டி ஒரு சாண் முன்னால் நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்து, சக்கரம் தொப்பென்று தரையில் உட்கார்ந்தது. நல்லவேளை, நான் அடியில் போகவில்லை.

பக்கத்து வீட்டு லாரிக்கார அண்ணன் சத்தம் கேட்டு வந்தார்.

"கட்டை போட்டியா தம்பி?"

"ஃபர்ஸ்ட் கியர்ல விட்டிருக்கேண்ணே. ஹேண்ட் பிரேக்கும் போட்டிருக்கேன்."

"ஒத்தச் சக்கரத்தத் தூக்கிட்டா கியரு என்னத்தப் புடிக்கும்?"

அவர் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். கியர் பிடிப்பது நடுவில் சுற்றும் ஷாஃப்ட்டை மட்டும்தான். ஒரு சக்கரம் அந்தரத்தில் இருந்தால், அது பின்னோக்கிச் சுற்றிக்கொள்ள, தரையில் இருக்கும் மற்றது முன்னோக்கி உருளும். கிரவுனுக்குள் இருக்கும் பற்கள் அதற்கு வழி விடும். ஹேண்ட் பிரேக்கும் பின் சக்கரங்களுக்குத்தான், என் வண்டியில் அதன் கேபிள் வேறு தளர்ந்திருக்கிறது. முற்றம் தெருவை நோக்கிக் கொஞ்சம் சரிவு. சித்திரைத் தேர் மாசி வீதியில் வரும்போது சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவர்களை வாய் பிளந்து பார்த்து வளர்ந்தவன் நான். சொந்த வண்டிக்குப் போடத் தோன்றவில்லை.

இரண்டாவது ஞாயிறு முன் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் ஆப்புக் கட்டை. மறுபடி ஹவுசிங்குக்கு அடியில் தூக்கினேன், வண்டி அசையவில்லை. ஆனால் சாக்கிள் போல்ட்டும் அசையவில்லை! ஹவுசிங்கைத் தூக்கினால் வண்டியின் பாரம் பட்டை மேலேயேதான் உட்கார்ந்திருக்கிறது. டயர் மாற்ற அது போதும். பட்டை, சாக்கிள் வேலைக்குச் சேசிஸைத் தூக்கி, ஹவுசிங்கைத் தொங்க விட வேண்டும். 'சரியான இடம்' எது என்பதைச் செய்யப்போகிற வேலைதான் சொல்கிறது. இது புரிய எனக்கு இரண்டு வாரம்.

சேசிஸைத் தூக்குவதில் வேறு தொல்லை. பட்டை தளரத் தளர ஹவுசிங் கீழேயே நிற்கும், ஜாக்கி முழுக்க நீண்டும் உயரம் எட்டவில்லை. ஜாக்கியின் தலைமேல் கட்டை அடுக்கலாம் என்று கை போனது, அது சறுக்கும். உயரத்தை அடியில்தான் கொடுக்க வேண்டும். ஐப்பசி மழையில் ஊறிய கரிசல் வேறு. பின்பக்கம் ஒரு பக்கத்துக்கு 400 கிலோ என்று வைத்துக்கொண்டால், 10 செ.மீ. சதுர ஜாக்கி அடிப்பாகம் ஒரு சதுர செ.மீ. மண்ணில் 4 கிலோ அழுத்தும். 30-க்கு 45 செ.மீ. பலகை போட்டால் அதுவே சுமார் 300 கிராம். இரண்டு அங்குலப் புளியம்பலகை இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டேன், அமுங்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு ஒழுங்காக நடந்தது. பின் பட்டையின் முன் முனை சேசிஸில் கோர்க்கும் பிராக்கெட்டுக்குச் சற்று முன்னால், சேசிஸ் தட்டையாக இருக்கும் இடத்தில் சேற்றையும் கிரீஸையும் துடைத்துவிட்டு ஒவ்வொரு பக்கமாகத் தூக்கி, இரண்டு பக்கமும் பாரம் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்தேன். ஸ்டாண்டுகளுக்கு அடியிலும் பலகை. கேபின் ஓரத் தகடு, டீசல் டேங்க் பக்கமே போகவில்லை. கழற்றிய ஸ்டெப்னியைச் சேசிஸுக்கு அடியில் படுக்கப் போட்டேன், எல்லாம் கைவிட்டாலும் அது தாங்கும். வண்டியைக் கையால் நன்றாக உலுக்கிப் பார்த்த பிறகுதான் அடியில் போனேன்.

அதற்கு முன், கடைசியாகத் தூக்கிய வலப்பக்கம் ஜாக்கியை உடனே இறக்காமல், ஸ்டாண்டுக்கு மேல் ஒரு விரல் இடைவெளி விட்டு வைத்திருந்தேன், வேண்டுமென்றே. சாப்பிட்டு வந்து பார்த்தால் சேசிஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தது. ஆயில் சீல் மெல்லக் கசிந்திருக்கிறது. "மாப்ள, இத நம்பியா அடியில படுக்கப் போன?" என்றார் மாமனார். பல வருஷமாக அந்த ஜாக்கியை மட்டும் நம்பிப் படுத்தவர் அவர்தான், அதை நான் சொல்லவில்லை.

அப்புறம் அந்த ஜாக்கியை எடுத்து ஹவுசிங்குக்கு அடியில் வைத்து மெல்ல ஏற்றினேன். பிரேக் ஹோஸ் விறைத்துக்கொண்டிருந்தது, அதுவும் தளர்ந்தது. ஒரு குறிப்பிட்ட உயரத்தில் சாக்கிள் போல்ட் விரலால் தள்ளினாலே நகர்ந்தது. அதற்கு மேலும் கீழும் சுத்தியலுக்குக்கூட மசியவில்லை. பழைய புஷ் பிய்ந்த இட்லி மாதிரி வந்தது. புதியதைச் சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றினேன்.

நட்டை மேலேயே இறுக்கிவிடவில்லை. பட்டை தொங்கும்போது இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். சக்கரம் தரையில் நின்ற பிறகு சாக்கிள் நட்டை இறுக்கினேன், வீல் நட்டுகளையும் எதிரெதிராக முடுக்கினேன். மறுநாள் மாட்டுத்தாவணிக்குப் பூ ஏற்றிப் போய்வந்தேன். கீச்சுச் சத்தம் இல்லை. அது இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த இன்னொரு 'கடகட' மட்டும் இப்போது முன்பக்கம் கேட்கிறது.