கடங்கள் பெருகும் வீடு

டிசம்பர் 2

நான் கடம் வாசிக்கப்போகும் இம்மாதக் கச்சேரிகளின் சுருதிகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவால் சொல்வது எங்கள் வழக்கம். ஆண் குரல்கள் 1 கட்டையிலும் 1½ கட்டையிலும், பெண் குரல்கள் 5 கட்டையிலும் 5½ கட்டையிலும் இருக்கின்றன. இடையே ஒரு வீணைக் கச்சேரியும் உண்டு. வயலின்காரர் பிருடையைத் திருகி எந்தச் சுருதிக்கும் வந்துவிடுவார். மிருதங்கக்காரரும் கல்லும் மரக்கட்டையும் கொண்டு தட்டிக் கொஞ்சம் ஏற்றவோ இறக்கவோ செய்யலாம். மண்பானை வாத்தியமான கடத்துக்கோ சூளையில் வெந்து வெளிவந்தபோது வாய்த்த சுருதிதான் கடைசிவரைக்கும். உள்ளே களிமண்ணை ஒட்டிச் சற்றே நகர்த்த முடியுமே தவிர, அரைக்கட்டை மாற்றுவது நடக்காது. ஆகையால் கட்டைக்கு ஒரு கடம் என்பது எங்களுக்கு ஆடம்பரம் அல்ல.

டிசம்பர் 6

மேலே எழுதியது உண்மைதான். ஆனால் முழு உண்மை அல்ல. பரணில் 1 கட்டைக் கடங்களே மூன்று இருக்கின்றன. ஒன்றின் கழுத்தில் நாதம் கணீரென்று ஒலிக்கிறது. மற்றொன்றில் வாயை வயிற்றோடு அணைத்து வாசிக்கும்போது எழும் கும்கி என்னும் அடித்தொனி ஆழமாக இருக்கிறது. மூன்றாவதை ஏன் வாங்கினேன் என்பதற்கு வீட்டில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு காரணம் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 11

கடம் செய்யும் ஊரான மானாமதுரைக்குப் போய்த் திரும்பினேன். சக்கரத்தில் தடிமனாக வனைந்த பானையை, உள்ளே கல்லைப் பிடித்து வெளியே மரத்தட்டையால் அடித்து, சுவர் எங்கும் ஒரே கனமாக வரும்வரை இறுக்குகிறார்கள். ஆயிரக்கணக்கில் விழும் அந்த அடிகள்தாம் தண்ணீர்ப் பானையிலிருந்து கடத்தைப் பிரிக்கின்றன. மண்ணின் எடையையும் வயிற்றின் அகலத்தையும் கொண்டு சுருதியை ஒருவாறு கணிக்கிறார்கள் என்றாலும், சூளை பிரிக்கும்வரை எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. 5½ கட்டைக்கு எண்ணிச் செய்தது 5 கட்டைக்குச் சற்று மேலே நின்றுவிடும். கேட்டுப் போனது இருக்காது, கேட்காத ஒன்று அற்புதமாகப் பேசும்.

வரிசையாக வைத்திருந்தவற்றைக் கழுத்திலும் நடுவயிற்றிலும் அடியிலும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன். மயிரிழை விரிசல் இருந்தால் நாதத்தின் வாலில் ஒரு கரகரப்பு ஒட்டிக்கொண்டு வரும். கண்ணுக்குத் தெரியாததைக் காது பிடித்துவிடும். தேடிப்போன 5½ கட்டை கிடைக்கவில்லை. ஆனாலும் வெறுங்கையோடு வரவில்லை: ½ கட்டையில் ஒன்று. அந்தச் சுருதியில் பாடும் எவரும் இதுவரை என்னை அழைத்ததில்லை.

டிசம்பர் 18

மாலைக் கச்சேரிக்கு 5½ கட்டைக் கடத்தோடு போனேன். மேடையேறும் முன், தொண்டை கட்டியிருப்பதால் அரைக்கட்டை குறைத்துப் பாடப்போவதாக அந்த அம்மையார் சொன்னார். ஆட்டோவில் கூடுதலாக ஏற்றி வந்திருந்த 5 கட்டைக் கடம் மானத்தைக் காத்தது. மார்கழிப் பனியில் இது வழக்கமாக நேர்வதே. வீட்டில் இதைச் சற்று விரிவாகவே எடுத்துரைத்தேன்.

டிசம்பர் 26

கடம் பல சேர்ப்பது இசையாகவே ஆவதும் உண்டு. 1970களில் ‘சக்தி’ என்ற கலப்பிசைக் குழுவோடு உலக மேடைகளில் வாசித்த கடக் கலைஞர் விக்கு விநாயக்ராம், வெவ்வேறு சுருதிக் கடங்களை முன்னால் பரப்பி வாசித்துக் காட்டினார். அவருடைய மாணவி சுகன்யா ராம்கோபால் கட தரங்கத்தில் பல கடங்களை ஸ்வரங்களாகவே நிறுத்தி ராகம் வாசிக்கிறார். அங்கே ஒரு கடம் குறைந்தால் ஒரு ஸ்வரம் குறையும். என் பரணுக்கு அந்த நியாயம் பொருந்தாது. என்னுடையது ஒலியின் மேல் உள்ள ஆசை. கனத்த மானாமதுரைக் கடத்தின் உலோக நாதமும், விரலுக்கு இதமான இலேசான சென்னைக் கடத்தின் ஒலியும் ஒரே சுருதியில் இருந்தாலும் இரண்டும் வேண்டும் என்று தோன்றிவிடுகிறது.

ஜனவரி 3

புதிதாகச் சேர்ந்த மாணவர், தொடக்கத்தில் எத்தனை கடம் வேண்டும் என்று கேட்டார். பழக ஒன்று போதும், மேடைக்கு அழைப்பு வந்தபின் மற்றவற்றை யோசிக்கலாம் என்றேன். பரணை அண்ணாந்து பார்த்தவர், 1 கட்டையில் உள்ளவற்றில் ஒன்றை விலைக்குத் தர இயலுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மூன்றையும் இறக்கித் தட்டிப் பார்த்துவிட்டு, மானாமதுரை முகவரியை எழுதிக் கொடுத்தேன்.