முப்பது வீட்டு அரிசியும் காற்றாடி மலையும்

பாளையங்கோட்டையில் எங்கள் அன்பியத்தில் முப்பது வீடுகள். எங்கள் பங்கை, அதாவது ஒரு கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களை, தெருவாரியாகப் பிரித்து, பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி, பைபிள் வாசித்து, செபமாலை சொல்லி, தெருவில் யாருக்கு என்ன கஷ்டம் என்று பேசுவதுதான் அன்பியம். எல்லா வீட்டு அடுப்படியிலும் பிடியரிசி டின் ஒன்று இருக்கும். உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு கைப்பிடி அதில் போட்டுவிடுவோம். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டி, முடியாத வீட்டுக்குக் கொடுப்போம்.

போன மாதக் கூட்டத்தில், எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஒரு கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டதைச் சொன்னார்கள். அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. நான்தான் முதலில் வாயைத் திறந்தேன். "நம்ம பங்குலயே கஷ்டப்படுறவங்க இருக்காங்க, அவங்களுக்குக் கொடுத்துட்டு அப்புறம் பார்ப்போமே." எங்கள் அன்பியத் தலைவிக்கு எழுபது வயதுக்கு மேல், எல்லாருக்கும் பெரியம்மா. என்னைப் பார்த்து, "ஏட்டி, அரிசிக்கு ஞானஸ்நானம் கொடுத்தா டின்னுல போட்டோம்?" என்றார். இரண்டு மூன்று பேர் என் பக்கம் பேச, சரி, யாத்திரை போய் வந்து முடிவு பண்ணலாம் என்று விட்டுவிட்டோம்.

யாத்திரை, புனித தேவசகாயம் நடந்த இடங்களுக்கு. விடிவதற்கு முன்னாலேயே வேன் கிளம்பி, முதலில் போனது வடக்கன்குளம்.

நீலகண்டன் என்ற பெயரோடு நட்டாலத்தில் பிறந்தவர் அவர். திருவிதாங்கூர் அரசில் நல்ல வேலை, மனைவி, வீடு எல்லாம் இருந்தன. சாமியாரும் இல்லை, துறவியும் இல்லை, நம்மைப் போலக் குடும்பஸ்தர். மாடுகள் செத்து, கையில் இருந்ததும் போய் மனம் உடைந்திருந்த நேரத்தில், குளச்சல் போரில் பிடிபட்டுப் பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுப் படை அதிகாரி டிலனாய், பைபிளில் எல்லாவற்றையும் இழந்தும் நம்பிக்கையை விடாத யோபுவின் கதையை அவருக்குச் சொல்லியிருக்கிறார். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம். லாசர் என்ற பெயரைத்தான் தமிழில் தேவசகாயம் என்று வைத்தார்கள். அதற்குப் பிறகு சாதி பார்க்காமல் எல்லாரோடும் சேர்ந்து உட்கார்ந்தார், சேர்ந்து சாப்பிட்டார். அவர் மேல் வந்த கோபத்தில் பாதி அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது அங்கே இருக்கும் பெரிய கோயில் 1872இல் கட்டியது. பீடத்திலிருந்து இரண்டு கால்களாகப் பிரிந்து போகும். கால்சட்டைக் கோயில் என்றே சொல்வார்கள். ஒரு காலில் ஒரு சாதி, இன்னொரு காலில் மற்ற சாதிகள். நடுவில் சுவர். பீடத்துச் சாமியாரை எல்லாரும் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க முடியாது. 1910இல் சுவரை எடுத்தபோது வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டவர் ஞானஸ்நானம் வாங்கிய அதே ஊரில் இப்படி ஒரு சுவர். கட்டியவர்களும் செபமாலை சொன்னவர்கள்தானே. எனக்கு அழுகை வந்தது. "நம்ம பங்கு, அப்புறம் மற்றவங்க" என்று நான் சொன்னதும் ஒரு சுவர்தான் என்று அங்கே முழங்காலில் நின்றபோதுதான் உறைத்தது. பக்கத்தில் பெரியம்மா கண்ணை மூடி செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார், அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

அங்கிருந்து ஆரல்வாய்மொழி. முப்பந்தல் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்க, காற்று தலையில் போட்ட முக்காட்டைப் பிடுங்கியது. காற்றாடி மலை என்று பெயர் வைத்தவர்கள் சும்மா வைக்கவில்லை. திருவிதாங்கூர் அரசு கைது பண்ணிய பிறகு மூன்று வருடம் போல தேவசகாயத்தை எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்து, அடித்து, புண்ணில் மிளகுப்பொடி தேய்த்து, கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று இங்கேதான் சுட்டார்கள். அவர் இறந்தபோது மலையிலிருந்து ஒரு பாறை மணி அடித்தது போல ஓசையோடு விழுந்தது என்பது ஊர் நம்பிக்கை, மணியடிச்சான் பாறை என்பார்கள். கூட்டம் குறையும்வரை காத்திருந்து, கிடந்த கூழாங்கல்லை எடுத்து நானும் தட்டினேன். கல்லில் கல் பட்ட சத்தம் இல்லை அது, வெண்கலத்தில் தட்டினால் எழுமே, அப்படி ஓர் ஓசை, விரல் வரை அதிர்ந்தது. மறுபடி தட்டத் தோன்றவில்லை. கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

புலியூர்க்குறிச்சியில், தாகத்தில் அவர் முட்டியால் இடித்ததும் தண்ணீர் வந்தது என்று நம்பும் முட்டிடிச்சான் பாறைத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டோம். திரும்பும் வழியில் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அவர் கல்லறை முன்னால் கொஞ்ச நேரம் இருந்தோம். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது எங்கள் தெருவில் பாயசம் வைத்துக் கொடுத்தோம், எல்லா வீட்டுக்கும். அன்றைக்கு யார் எந்த மதம் என்று நான் பார்க்கவே இல்லையே, அரிசிக்கு மட்டும் ஏன் பார்த்தேன்?

காவல்கிணறு பக்கம் டீ குடிக்க நிறுத்தியபோது, "பெரியம்மா, அந்த அரிசியை நாளைக்கு நானே கொண்டு போய்க் கொடுக்கட்டுமா?" என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைக்காமலே, "சாக்கு வெயிட்டா இருக்கும், உன் மவனையும் கூட்டிட்டுப் போ" என்றார்.

மறுநாள் போனோம். கொத்தனார் கட்டுப் போட்ட காலோடு கட்டிலில் இருந்தார். அவர் மனைவி ஒரு படி அரிசியை சுளகில் கொட்டிப் புடைக்கப் போனவர், கையால் அளைந்து பார்த்து, "இது என்ன அரிசிக்கா?" என்றார். பொன்னி, ரேஷன் அரிசி, இட்லி அரிசி, அங்கங்கே சிவப்பாகக் கொஞ்சம், எல்லாம் கலந்து கிடந்தன. முப்பது வீட்டு அரிசி என்றேன். ஒரே மாதிரி வேகாதே என்று யோசித்தார். அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் கூட வைத்து வடித்தால் சேர்ந்து வெந்துவிடும், நாங்கள் அப்படித்தான் செய்வோம் என்று சொல்லிவிட்டு, காலிச் சாக்கை வாங்கிக்கொண்டு வந்தேன்.