இரண்டு மணி நேரப் பரிசோதனைக்கு நான்கு வாரம் காத்திருந்த கதை

தங்கையின் கழுத்தில் நெறி கட்டியதும், மாலைக் காய்ச்சல் விடாமல் வந்ததும், காசநோயாக இருக்கலாம் என்று மருத்துவர் ஐயுற்றதும் ஒரு வாரத்துக்குள் நடந்து முடிந்தன. கட்டியிலிருந்து திசு எடுத்து, ஒரு பகுதியைத் திசுப் பரிசோதனைக்கும் மறுபகுதியை, காசநோய்க் கிருமியின் டி.என்.ஏ.வைத் தேடும் எக்ஸ்பெர்ட் அல்ட்ரா என்னும் மூலக்கூறு பரிசோதனைக்கும் அனுப்ப வேண்டும் என்று அவர் சீட்டில் தெளிவாகவே எழுதிக் கொடுத்திருந்தார். கருவியில் மாதிரியை இட்ட கார்ட்ரிட்ஜைப் பொருத்தினால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு வந்துவிடும் என்பதால் மறுநாளே விடை தெரியும் என்று நம்பினோம்.

திசு எடுத்த அறையிலிருந்து ஒரே ஒரு சிறு புட்டிதான் என் கைக்கு வந்தது. நிறமற்ற நீரின் அடியில் பாதி விரல்நக அளவில் வெளிறிய துணுக்கு ஒன்று கிடந்தது. மூடியருகே மூக்கை அரிக்கும் நெடி. பரிசோதனை இரண்டு, புட்டி ஒன்றுதானே என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். அந்த நெடி ஃபார்மலினுடையது. திசுவின் வடிவம் கெடாமல் காக்க அதுதான் உகந்தது. ஆனால் கிருமியைக் கொன்றுவிடுவதால், அதை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் செய்ய முடியாது, டி.என்.ஏ.வையும் சிதைப்பதால் மூலக்கூறு பரிசோதனைக்கும் அந்தத் துணுக்கு உதவாது.

இதை ஆய்வகம் எங்களிடம் சொன்னது ஐந்தாம் நாள். அதுவும் நான் நேரில் போய்க் கேட்ட பிறகுதான். புட்டியைப் பெற்றுக்கொண்டபோதே ஒருவர் அதை முகர்ந்து பார்த்திருந்தாலோ, சீட்டை முழுதாகப் படித்திருந்தாலோ அன்றைக்கே திருப்பி அனுப்பியிருக்கலாம். தையல் ஆறாத கழுத்தோடு உட்கார்ந்திருந்தவளிடம், மறுபடியும் மாதிரி எடுக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை.

திசுப் பரிசோதனை அறிக்கை காசநோயைச் சுட்டியது. அது போதாதா என்று மருத்துவரிடம் மன்றாடினேன். நுண்ணோக்கியில் தெரியும் திசு மாற்றம், கிருமி மருந்துக்குக் கட்டுப்படுமா என்பதைச் சொல்லாது. காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத கிருமியாக இருந்தால் சிகிச்சையே வேறு என்று அவர் பொறுமையாக விளக்கிய பிறகுதான் இரண்டாம் முறைக்கு ஒப்புக்கொண்டோம்.

காயம் ஆறியபின், இம்முறை ஊசியால் உறிஞ்சி எடுத்தார்கள். ஊசி ஏறும் முன்பே, 'இது எந்த நீரில் போகிறது?' என்று கேட்டேன். செவிலியர் புட்டியின் சீட்டைத் திருப்பிக் காட்டினார், வெறும் உப்புநீர். கல்ச்சருக்கும் சேர்த்தே அனுப்புமாறு கேட்டு இரண்டு புட்டிகளாக வாங்கிக்கொண்டேன். இந்தப் பரிசோதனைக்குப் போகும் ஒவ்வொருவரும், எந்த நீரில் போகிறது, கல்ச்சருக்கும் போகிறதா என்ற இந்த இரண்டையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். சளி கொடுப்பவராக இருந்தால், ஆழ இருமி எடுத்த சளியையே கொடுங்கள். எச்சில் மட்டும் போனால் கிருமி இருந்தும் அகப்படாமல் போகலாம்.

முடிவு மறுநாளே வந்தது. 'டிரேஸ்' என்றும், ரிஃபாம்பிசின் பற்றித் தீர்மானிக்க இயலவில்லை என்றும் அச்சிட்டிருந்தது. அறிக்கையைக் கொடுத்த ஊழியர், சொற்பமாகத்தான் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று ஆறுதலாகச் சொன்னதை நம்பி வீடு திரும்பியிருப்போம். தங்கைதான் மருத்துவரைப் பார்த்துவிட்டே போவோம் என்று பிடிவாதமாக நின்றாள். அவள் நின்றது நல்லதாயிற்று.

அல்ட்ரா கிருமியைத் தேடும்போது, அதன் மரபணுத் தொகுதியில் பல பிரதிகளாக இருக்கும் துண்டுகளைத் தேடுகிறது. அதனால்தான் மிகக் குறைந்த கிருமிகளும் அகப்படுகின்றன. ரிஃபாம்பிசின் எதிர்ப்பைக் காட்டும் ஆர்.பி.ஓ.பி. மரபணுவோ ஒரே பிரதிதான். கிருமி குறைவாக இருக்கையில் அது சிக்காமல் போவதையே 'டிரேஸ்' என்கிறார்கள். நுரையீரல் காசநோயில், முன்பே சிகிச்சை பெற்றவருக்கு இந்த முடிவு வந்தால் இறந்த கிருமியின் எச்சமாகவும் இருக்கலாம் என்பதால் யோசித்தே முடிவெடுப்பார்களாம். எங்களைப் போல நுரையீரலுக்கு வெளியே எடுத்த மாதிரியில் வந்தால் நோய் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்று சொல்லி, மருத்துவர் அன்றே மாத்திரையைத் தொடங்கினார். எண்ணிப் பார்த்தால், முதல் புட்டியைக் கையில் வாங்கிச் சரியாக நான்கு வாரம் ஆகியிருந்தது.

மருந்து எதிர்ப்புக்கு விடை சொல்லக் கல்ச்சர் ஒன்றுதான் மிச்சமிருந்தது. திரவ ஊடகத்தில் 42 நாள் வரை வைத்துப் பார்த்த பிறகே வளரவில்லை என்று கைவிடுவார்கள்; எங்களுடையது நான்காம் வாரத்தில் வளர்ந்தது. அடுத்த இரு வாரங்களில், ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் கிருமிதான் என்ற தாள் வந்தது. தங்கை அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, மடித்து மாத்திரை டப்பாவுக்குள் வைத்துக்கொண்டாள்.